மஞ்சள் பலகையில் காய்ந்த மோர்மிளகாய்

நான் பயந்த சுபாவம் உள்ளவள். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருடங்களாக இன்சூரன்ஸ் முகவராக இருக்கிறேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முக்கூடல், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தனியாகச் சுற்றுகிறேன். முன்பின் தெரியாத வீட்டில் போய் உட்கார்ந்து, எதிரே இருப்பவரிடம் அவருடைய சாவைப் பற்றியே பேசி, அவர் வீட்டுக் காப்பியையும் குடித்துவிட்டு வருகிறேன். பழைய விளம்பர போர்டு ஒன்றைச் சுவரிலிருந்து இறக்க வேண்டுமென்றால் நானே ஏணியில் ஏறித் திருகாணியைக் கழற்றுகிறேன். இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னைத் தைரியசாலி என்கிறார்கள். பயத்தைப் பற்றிப் பேசியே பிழைக்கிறவளுக்குள் அது எவ்வளவு இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

நான் சேர்ப்பவை பீங்கான் போர்டுகள். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி உலையில் சுட்டு எடுத்த பழைய விளம்பரப் பலகைகள். டீத்தூள், சோப்பு, தலைவலித் தைலம், சோடா என்று ஒரு காலத்தில் எல்லாக் கடைச் சுவர்களிலும் இருந்தவை. கடைகள் போய்விட்டாலும் போர்டுகள் எங்கும் போகவில்லை. கோழிக்கூட்டுக்குக் கூரையாகவும், தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகவும், வாய்க்கால் மடைக்குப் பலகையாகவும் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஊர் ஊராக வீடு ஏறி இறங்குகிற என் கண்ணில் அவை படாமல் போனால்தான் ஆச்சரியம்.

இந்தக் கதைக்குரிய போர்டு முக்கூடலில் ஒரு வீட்டு ஆட்டுத் தொழுவத்துக்குக் கதவாக இருந்தது. நல்ல மஞ்சள். பங்குனி வெயிலில் கண் கூசுகிற மஞ்சள். அதில் சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு சைக்கிள் டயரின் பெயர். தலைப்பாகை கட்டிய ஒருவர் சைக்கிள் மிதிக்கிறார். பின்னால் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி குடை பிடித்திருக்கிறாள். ஆடு முட்டி முட்டி அவருடைய மூக்கு பெயர்ந்து, அந்த இடத்தில் துரு ஏறியிருந்தது. வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

“இந்தச் சவத்தையா கேக்கிய? தாராளமாக் கொண்டு போங்க. தொழுவத்துக்கு ஒரு கதவு மட்டும் செஞ்சு குடுத்துருங்க. ராத்திரி நாய் வருது” என்றாள்.

தச்சரைக் கூட்டிப்போய்க் கதவு போட்டுக் கொடுத்துவிட்டு, போர்டை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி வண்ணார்பேட்டைக்குக் கொண்டுவந்தேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் எங்கள் வீடு. மொட்டை மாடியில்தான் என் பட்டறை.

சீர்செய்யும் வேலையை யாரிடமும் போய்ப் படித்தவள் இல்லை நான். எனக்குத் தெரிந்த விதத்தில் செய்தேன். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரக் கறையும் போகக் கழுவினேன். துருவுக்கு, பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தண்ணீர் கலந்து ஊற்றி இரும்பு நாரால் தேய்த்தேன். ஓரங்களை உப்புத்தாளால் ராவினேன். மஞ்சள் தூசி பறந்து முந்தானையில் படியும், உதறிவிட்டுத் தொடர்வேன். மூக்கு இருந்த பள்ளத்தில் கார் பட்டறையில் வாங்கிய பட்டிப் பசையை அப்பி, காய்ந்ததும் இழைத்து, சிறு தூரிகையால் வண்ணம் தீட்டினேன். தலைப்பாகைக்காரருக்குப் பழையதைவிட எடுப்பான மூக்கு வந்தது. ஆசிட் பட்ட இடங்களில் மட்டும் பளபளப்புப் போய், மஞ்சள் கொஞ்சம் மங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவியதும் மறுபடி மின்னியது. அதோடு விட்டுவிட்டேன்.

என் கணவர் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியைக்கூட மண்மேட்டில் ஏற்றி நிறுத்தி, இறங்கி ஒரு வெற்றிலை போட்டவர். பயம் என்றால் என்ன நிறம் என்று கேட்பார். ஓய்வுக்குப் பிறகு சமையலறையை எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் மொட்டை மாடி யாருக்கு என்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. வத்தல் போட இடமில்லாமல் காயலான் கடை வைத்திருக்கிறாய் என்பார்.

மஞ்சள் போர்டு பெரியது. கீழே மாட்டச் சுவர் இல்லாததால் நாலு செங்கல்லின்மேல் மல்லாக்கக் கிடத்தியிருந்தேன். ஒரு நாள் நான் வெளியே போயிருந்தபோது அவர் அதன்மேல் கூழ்வத்தல் பிழிந்துவிட்டார். திரும்பி வந்ததும் ஆத்திரம் தலைக்கேறி மாடிக்கு ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

“ஏட்டி, கத்தாத. இங்கன பாரு. துணில போட்டா ஒட்டுது, பிளாஸ்டிக்ல போட்டா ஒட்டுது. இதுல தட்டுனா உதிருதுட்டி. அடியில தகடு சூடு, மேல வெயிலு. ஒரே நாள்ல சருகாக் காஞ்சுட்டு” என்று ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

உண்மைதான், பூப்போல உதிர்ந்தது. போர்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கழுவினால் போய்விட்டது. அன்றோடு காயலான் கடைப் பேச்சும் நின்றது. சுண்டைக்காய், மாவடகம், மோர்மிளகாய் எல்லாம் அந்தச் சைக்கிள் தம்பதிமேல் காய ஆரம்பித்தன. பார்க்கிறவர்களிடம் நானே பெருமையாகச் சொன்னேன், எங்கள் வீட்டில் விளம்பரம்கூட வேலை செய்யும் என்று.

எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் வேலை. கல்யாணமாகிச் சில வருடங்கள் பிள்ளை தங்காமல், ஒரு முறை தங்கியது கலைந்து, பிறகு மறுபடி உண்டானாள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை. அவள் அப்பாவுக்கோ கை நிற்கவில்லை. வாய்க்கு ருசியில்லை என்று மகள் போனில் சொன்னதும் மோர்மிளகாய் போட்டு பார்சல் அனுப்பத் தொடங்கிவிட்டார். உப்பும் புளித்த தயிரும் போட்டு ஊறவைத்து, பகலில் போர்டில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி தயிரில் போட்டு, மறுநாள் மறுபடி போர்டுக்கு. வளைகாப்பு முடிந்து மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, தினமும் தயிர்ச்சோற்றுக்கு அதுதான் தொடுகறி.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரம். மகள் மேசையில் தயிர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா எண்ணெயில் பொரித்த மிளகாய்களைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் போனில் பீங்கான் போர்டு சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர், துருவை எதைப் போட்டு எடுப்பது என்று கேட்டிருந்தார். அதற்கு இந்த மாதிரிப் போர்டு செய்யும் எனாமல் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் பதில் போட்டிருந்தார். ஆசிட் வேண்டாம், மேல்பூச்சைத் தின்றுவிடும். பழைய மஞ்சளிலும் சிவப்பிலும் காரீயம் உண்டு, பூச்சு போனால் அது வெளியே வரும். உலர்ந்த நிலையில் ராவாதீர்கள், தூசி உள்ளே போகும். கடைசியாக ஒரு வரி: இவற்றின்மேல் சாப்பாட்டுப் பொருள் எதையும் வைக்காதீர்கள், முக்கியமாகப் புளிப்பு.

நிமிர்ந்து பார்த்தேன். மகளின் தட்டு ஓரத்தில் கருஞ்சிவப்பாக மிளகாய்கள். அவள் கை ஒன்றைக் காம்போடு எடுத்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். எழுந்து மாடிக்குப் போனேன்.

போர்டில் அன்றைக்குப் போட்ட மிளகாய்கள் தயிர் ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தேன். அது கிடந்த இடத்தில் மஞ்சள் மங்கி, மிளகாயின் வடிவத்திலேயே ஒரு தடம். பக்கத்தில் இன்னொன்று. குனிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்தபோது பலகை முழுக்க அந்தத் தடங்கள்தான். குடை பிடித்தவளின் முகத்தில்கூட இருந்தன. இத்தனை நாள் அதைக் கழுவித் துடைத்த எனக்கு எப்படிக் கண் தெரியாமல் போனது என்று விளங்கவில்லை. கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை நனைத்து, ஒரு மூலையை அழுத்தித் தேய்த்தேன். துண்டில் மஞ்சள் வந்தது.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். எனக்குக் குளிர்ந்தது. அந்த மஞ்சள் என் மகளின் வயிற்றுக்குள் போய், அங்கே இன்னும் கண் திறக்காமல் சுருண்டு கிடக்கும் ஒன்றின் தலைக்குள் ஏறுவதாக நினைத்தேன். ஒரு முறை கலைந்ததே, அப்போதும் நம் வீட்டு வத்தலைத்தான் தின்றாளா என்று யோசித்தேன். இல்லை, அப்போது இந்தப் போர்டு வரவில்லை என்று எனக்கே பதில் சொல்லிக்கொண்டேன். ஆனால் வேறு போர்டுகள் இருந்தன, தூசி இருந்தது என்று மனசு அடுத்ததற்குப் போனது.

மிளகாய் அத்தனையையும் பையில் அள்ளிக் கட்டினேன். கீழே வந்து, சமையலறையில் இருந்த டப்பாவையும் அதில் கொட்டும்போது கணவர் பார்த்துவிட்டார். மகள் படுக்கப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். துண்டையும் காட்டினேன்.

“சும்மா கெட. வாட்ஸப்புல எவனோ சொன்னானாம், இவ பயப்படுதாளாம். ஈயச் செம்புல ரசம் வச்சுத் தின்னுதான நாம வளந்தோம்? செத்தா போனோம்?” என்றார்.

“அது வெள்ளீயம். இது காரீயம். பெயிண்டுல இருக்கது, பேட்டரில இருக்கது. ரத்தத்துல கலந்தா வயித்துப் பிள்ளைக்கு மூளை வளராதாம்” என்றேன். படித்ததை அப்படியே ஒப்பித்தேன்.

அவர் துண்டை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். “நான்லா அவளுக்குப் பொரிச்சுப் போட்டேன்” என்றார் பைய. மலைப்பாதைக்காரர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்ததும் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தால்தான் எனக்கு உலகம் சரியாக இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மகளிடம் சொல்வதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். பிள்ளைத்தாய்ச்சி மனசு கலங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டோம். மறுநாள் நான் மட்டும் அவளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டாமல், நான் சொல்லச் சொல்ல மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து எடுத்து வைத்தார். அது இன்னும் கலவரமாக இருந்தது.

“ரத்தத்துல பாத்துருவோம். இங்க பாக்க முடியாது, வெளியூருக்கு அனுப்பணும். வர்றதுக்கு நாளாகும். அதுக்குள்ள நீங்களா ஒண்ணும் நினைச்சுக்காதீங்கம்மா” என்றார். எழுந்தபோது, “ராவுறது தேய்க்கிறது எல்லாம் யாரு, நீங்களா? அப்ப நீங்களும் குடுங்க, அவங்க அப்பாவும் குடுக்கட்டும்” என்றார். எங்கள் இருவருக்கும் என்ன வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சரி என்றேன். மகளிடம் வழக்கமான இரும்புச்சத்துப் பரிசோதனை என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள்.

அதன்பிறகு காத்திருப்பு. மாடியை ஈரத்துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். துடைத்த துணியை என்ன செய்வது என்று தெரியாமல் பையில் கட்டி வைத்தேன். பைகள் பெருகின. போர்டுகளைக் கார் பட்டறைக்காரரின் கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன். மஞ்சள் போர்டை மட்டும் அனுப்ப மனம் வரவில்லை. எங்கே போட்டாலும் அதை ஒருவர் எடுப்பார். அது அவ்வளவு வழுவழுப்பானது. எடுத்தவர் வீட்டிலும் ஒரு மொட்டை மாடி இருக்கும். தார்ப்பாயில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி, மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினேன். படி ஏறும்போதெல்லாம் அதற்குள் யாரோ நிற்பது போல ஒதுங்கித்தான் ஏறினேன்.

மகள் வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொல்வாள். “எம்மா, உதைக்குது பாரு” என்பாள். கையை வைப்பேன். உதை விழுந்தால், இவ்வளவு வேகமாக உதைக்கிறதே, இது சரிதானா என்று பயம். விழாவிட்டால் கேட்கவே வேண்டாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, நீ ஏன் எப்பப் பாரு பேயறைஞ்ச மாதிரி இருக்க?” என்பாள். வெயில் என்று சொல்வேன்.

தொழிலையும் விட முடியவில்லை. அந்த நாட்களில் ஒரு முறை ஆழ்வார்குறிச்சியில் ஒரு வீட்டுக்குப் போனேன். கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். கைக்குழந்தை பெயரில் பாலிசி போட வேண்டும் என்று அவர்களாகவே கூப்பிட்டிருந்தார்கள். என்னிடம் இதற்கென்று ஒரு பேச்சு உண்டு. சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், என்று தொடங்கி ஒரு நிமிடம் நிறுத்துவேன். அந்த நிறுத்தத்தில்தான் எதிரே இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அன்றைக்கும் தொடங்கினேன். “பிள்ளைக்கு ஏதாவது” என்றேன். குழந்தை பாயில் குப்புற விழுந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அதற்குமேல் வரவில்லை. நிறுத்தம் நீண்டுகொண்டே போனது. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இத்தனை வருடங்களாக எத்தனை வீடுகளில் அந்த நிறுத்தத்தைப் போட்டேன் என்று ஸ்கூட்டரில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தேன். என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

முடிவு வந்தது எனக்குப் போனில். முக்கூடல் போய்விட்டுத் திரும்பும் வழி. ஆற்றுப்பாலத்தை ஒட்டி வண்டியை ஓரம் கட்டி எடுத்தேன். டாக்டரம்மாவே பேசினார்.

“உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா. எல்லாருக்கும் இருக்குற அளவுதான். பிள்ளையைப் பத்திப் பயப்படவே வேண்டாம்.”

பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

“அம்மா, இருக்கீங்களா? உங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கூட இருக்கு, அது சரியாயிரும். உங்களுக்குத்தான் நல்லாவே கூட இருக்கு. அது சாப்பாட்டுல வந்தது மட்டும் இல்ல, தூசியில வந்தது. இனிமே அந்த வேலை வேண்டாம். மாத்திரை எழுதித் தர்றேன், நாலஞ்சு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். இன்னொண்ணு. அந்தத் தூசி நகத்துல, முடியில, துணியில எல்லாம் ஒட்டியிருக்கும். பச்சப்பிள்ளை வந்ததும் தூக்குறதுக்கு முன்னால சோப்புப் போட்டுக் கையை நல்லாக் கழுவிட்டுத் தூக்குங்க. பிள்ளைங்க கையில கிடைக்கிறத எல்லாம் வாய்க்குத்தான் கொண்டு போகும்.”

சரி சரி என்றேன். மகளுக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தில் மற்றது எதுவும் உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய் வண்டியை நிறுத்திய பிறகுதான் என் கையைப் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கணவர் எல்லாவற்றையும் மகளிடம் கொட்டிவிட்டார். சந்தோஷத்தில் அவரால் வாயை அடக்க முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் சிரித்தாள்.

“ஐயோ அப்பா, நான் அதத் திங்கவே இல்ல. மசக்கையில எனக்கு அந்த மோர் வாடையே ஆகல. நீங்க அனுப்புனதெல்லாம் ஆபீஸ்ல கூட இருக்கவளுவதான் தின்னாளுவ. இங்கன வந்த பொறவு நெஞ்சு கரிக்குது. உங்க முகம் வாடிருமேன்னு தட்டுல வாங்கி, நீங்க அங்கிட்டுப் போனதும் கொல்லையில வாழை மூட்டுல போட்டுருவேன்.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிழைத்தோம் என்று கும்பிடுவதா, தன் கைப்பக்குவத்தை மகள் வாழைக்கு உரமாகப் போட்டாளே என்று கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே பெங்களூரில் அதைத் தின்ற பெண்களின் நினைப்பு வந்தது. அவர்களில் யாராவது உண்டாகியிருக்கிறார்களா என்று கேட்டேன். மகள் சிரிப்பதை நிறுத்தினாள்.

“எத்தனை நாளா தெரியும் உனக்கு?” என்றாள்.

சொன்னேன்.

“இரும்புச்சத்துன்னு சொல்லி ரத்தம் எடுத்தியே, அது இதுக்குத்தானா? எம் பிள்ளை விஷயத்த எனக்குச் சொல்லாம நீங்க ரெண்டு பேரும் வச்சுக்கிட்டு இருந்திருக்கிய. நீ கேட்டிருந்தா, திங்கலம்மான்னு அன்னிக்கே சொல்லிருப்பேன்லா? ஒரு வார்த்தைம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

கேட்டிருக்கலாம்தான். தின்றேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அலுவலகத் தோழிகளிடம் பேசினாள் என்றும், அவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள் என்றும் பிறகு அவள் அப்பா மூலம் தெரிந்துகொண்டேன். என்னோடு சரியாகப் பேச அவளுக்குச் சில நாள் ஆனது.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். ஆஸ்பத்திரியில் இருந்தவரை நான் பிள்ளையைத் தூக்கவில்லை. முதுகு வலி என்றேன். துணி துவைத்தேன், சாப்பாடு சுமந்தேன், தொட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்று பார்த்தேன். அந்த நாட்களில் நான் கையைக் கழுவிய கழுவலில் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நகத்தை ஒட்ட ஒட்ட வெட்டியிருந்தேன். ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது நகக்கண்ணில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. அது வீட்டுச் சமையல் மஞ்சளாகத்தான் இருக்கும், கணவரும் அப்படித்தான் சொன்னார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சம்பந்தி அம்மாள் ஊரிலிருந்து வந்தார். வந்த கையோடு வெள்ளிச் சங்கில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஆயத்தமாக இருந்தார். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. நல்ல குணமுள்ள ஒருவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். யார் வைப்பது என்று பெரிய பேச்செல்லாம் நடக்கும். இங்கே பேச்சே இல்லை.

“மைனி கையாலதான் வைக்கணும்னு அப்பமே நினைச்சுட்டேன். ஒத்தையில ஊர் ஊராப் போயி, ஏணியேறி, எதுக்கும் அஞ்சாத மனுசி. அந்தத் தைரியத்துல பாதி வந்தாப் போதும் எம் பேத்திக்கு” என்று சங்கை என்னிடம் நீட்டினார்.

என் கை பின்னால் போனது. கணவர் தரையைப் பார்த்தார்.

“வேண்டாம் மைனி. தாய்ப்பாலைத் தவிர எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க” என்றேன்.

“ஒரு சொட்டுதான? நாக்குல தொட்டு வைக்கதுல என்ன வந்துரப் போவுது?”

“என் குணம் இதுக்கு வேண்டாம் மைனி” என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. சத்தமாகவே வந்துவிட்டது. சம்பந்தி அம்மாள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு நான் அசையாததைப் பார்த்து முகம் சுருங்கி, சங்கை அலமாரியில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார்.

மகள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்கன வாம்மா” என்றாள். போனேன். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார வைத்தாள். என் வலது கையைப் பிடித்து இழுத்து, வெடித்துப் போயிருந்த விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். “எத்தனை தடவைதான் கழுவுவ?” என்றாள். கோபமாக இல்லை. “நல்லாத்தான் இருக்கு. தொடு. நான்லா சொல்லுதேன்” என்று என் ஆள்காட்டி விரலைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள்.

பிள்ளை மூடிக்கொண்டது. இவ்வளவு சின்னக் கைக்கு இவ்வளவு பிடி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. இளஞ்சூடாக, ஈரமாக இருந்தது. மகள் சிரித்தாள். அப்படியே இருந்துவிடலாம் போல இருந்தது.

பிறகு அது கையை மெல்ல மடக்கியது. பிடித்த விரலோடு தன் வாயை நோக்கிக் கொண்டு போனது. தலையைத் திருப்பி, வாயைத் திறந்து தேடியது. நான் விரலை வெடுக்கென்று பிடுங்கினேன். பிள்ளை ஒரு நொடி வெறுங்கையோடு திகைத்துவிட்டு, வீறிட்டு அழுதது. மகள் அதை வாரி எடுத்து மார்பில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன்.